பொதுப் பொருளியலை எங்கிருந்து தொடங்குவது?

எம்.ஏ. பொருளியல் சேர்ந்திருக்கும் ஒரு மாணவி கேட்டது இது: "சந்தை விலையை வைத்தே எல்லாவற்றையும் சரியாகப் பங்கிட்டுவிடும் என்று பி.ஏ. முதல் வருடத்தில் படித்தோம். இப்போது பொதுப் பொருளியல் என்று ஒரு தாள். சந்தையே பார்த்துக்கொள்ளும் என்றால் அரசு எதற்கு? இந்தத் தாள் பட்ஜெட்டையும் வரி வகைகளையும் மனப்பாடம் செய்வது மட்டும்தானா? எப்படிப் படித்தால் புரியும்?"

இந்தத் தாளைப் பல வருடம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மனப்பாடம் செய்தும் பாஸ் ஆகலாம், அதை மறைப்பானேன். நேர்முக வரிக்கும் மறைமுக வரிக்கும் ஐந்து வேறுபாடு, பொதுச் செலவு பெருக ஆறு காரணம் என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் ஏராளம். அப்படிப் படித்தவரிடம் "ரேஷன் கடையில் அரிசி இலவசம், பருப்புக்கு ஏன் காசு?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்.

முதல் வருடப் பாடம் பொய்யில்லை. அதன் நிபந்தனைகளை யாரும் அழுத்திச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பொருளைச் செய்கிறவர் அதன் முழுச் செலவையும் தானே ஏற்க வேண்டும். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் பொருளைப் பற்றி ஏறக்குறைய ஒரே அளவு தெரிந்திருக்க வேண்டும். காசு கொடுக்காதவரை விலக்கி வைக்க முடிய வேண்டும். விற்பவர் பலராக இருக்க வேண்டும். இதில் ஒன்று உடைந்தாலும் சந்தை சொல்லும் விலை தப்பான விலையாகிவிடும். பாடநூல் தமிழில் இதுதான் அங்காடித் தோல்வி. எந்த நிபந்தனை உடைந்தது என்று கண்டுபிடிப்பது இந்தத் தாளின் பாதி வேலை. அரசு கை வைத்தால் நிலைமை தேறுமா, இன்னும் கெடுமா என்று பார்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியை மாணவர்கள் பெரும்பாலும் தொடுவதேயில்லை. "சந்தை தோற்றது, ஆகவே அரசு" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அரசு கொடுப்பதெல்லாம் பொதுப் பண்டம் என்று விடைத்தாளில் எழுதாதவர்கள் அபூர்வம். பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அந்தக் கூண்டை ஒரு மீனவர் பார்ப்பதால் இன்னொருவருக்குப் பார்வை குறைவதில்லை. சந்தா கட்டாதவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லவும் முடியாது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அது பொதுப் பண்டம். பொருளியலாளர் சாமுவேல்சன் 1954-இல் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார். யாரும் தானாக முன்வந்து காசு கொடுக்க மாட்டார்கள், அடுத்தவர் கொடுக்கட்டும் என்று காத்திருப்பார்கள். அதனால் வரி போட்டுத்தான் கூண்டு ஏற்ற வேண்டும்.

ரேஷன் அரிசி அப்படியா? நான் சாப்பிட்ட சோறு நான் சாப்பிட்டதுதான். அது சுத்தமான தனியார் பண்டம். அரசுப் பள்ளியின் பெஞ்சும் அப்படியே. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் நாற்பத்தொன்றாவது பிள்ளை நெருக்கித்தான் உட்கார வேண்டும். இவற்றை அரசு கொடுப்பதற்குக் காரணம் உண்டு, ஆனால் அது கூண்டின் காரணம் இல்லை. எது எந்தக் காரணம் என்று பிரிக்கத் தெரிந்தால் தாளில் கால்வாசி முடிந்தது.

சரி, இப்போது திருப்பூருக்குப் போவோம். நொய்யல் வெள்ளிங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு. பனியன் துணிக்குச் சாயம் ஏற்றத் தண்ணீரும் உப்பும் ஏகப்பட்டது வேண்டும். சாயம் ஏறியபின் மிஞ்சும் தண்ணீரில் நிறமும் இருக்கும், உப்பும் இருக்கும். நிறத்தை எடுத்துவிடலாம், உப்பை எடுப்பதுதான் காசு தின்னும் வேலை. அதனால் பட்டறைகள் பல ஆண்டுகள் அந்தத் தண்ணீரை ஆற்றில் விட்டன. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. அணையைத் திறக்காதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. தண்ணீருக்காகக் கட்டிய அணையில் தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன விவசாயியை வேறு எங்கே பார்ப்பீர்கள்?

இப்போது ஒரு டி-சர்ட்டின் விலையைப் பிரித்துப் பாருங்கள். நூல், நிட்டிங், சாயக்கூலி, தையல்கூலி, கரண்ட், லாரி வாடகை எல்லாம் இருக்கும். கீழே காய்ப்பு நின்றுபோன தென்னைக்கான காசு இருக்காது. அந்தக் காசு விலையில் ஏறாததால் டி-சர்ட் இருக்க வேண்டியதைவிட மலிவு. மலிவு என்பதால் ஆறு தாங்குவதைவிட அதிகமாகச் சாயம் ஓடுகிறது. புறவிளைவு என்று நாம் வரையறை எழுதுவது இதைத்தான். பட்டறைக்காரரைக் கெட்டவராகக் காட்டத் தேவையில்லை என்பது இதில் முக்கியம். சுத்திகரிப்பவர் விலை ஏற்ற வேண்டியிருக்கும், ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும். நல்லவரைத் தண்டிக்கிற விலை அது.

விடுபட்ட செலவை வரியாக ஏற்றிவிடு என்று 1920-இல் பொருளியலாளர் பிகூ சொன்னார். உரிமை யாருடையது என்று தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவு இல்லாவிட்டால் இரு தரப்பும் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்வார்களே என்று 1960-இல் இன்னொரு பொருளியலாளர் கோஸ் கேட்டார். ஒரு பட்டறை, ஒரு தோட்டம் என்றால் டீக்கடையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். நூற்றுக்கணக்கான பட்டறைகள், ஆயிரக்கணக்கான விவசாயிகள், ஆற்றில் கலந்துவிட்ட உப்பில் யார் உப்பு எது என்று யாருக்கும் தெரியாது. பேரத்துக்கு எங்கே உட்காருவது? கோஸ் சொன்னதைப் பரீட்சையில் எழுதும்போது பேரச்செலவு என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் அவர் சொன்னதற்கு நேர் எதிரானதை எழுதியதாக ஆகிவிடும். பலர் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியில் நடந்ததைப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம் விதித்தது. பிகூவின் வரியேதான், நீதிமன்றம் அந்தப் பெயரைச் சொல்லாவிட்டாலும். ஆனால் லிட்டர் கணக்கை யார் அளப்பது? சுத்திகரிப்பதைவிட அபராதம் மலிவு என்றால் காசைக் கட்டிவிட்டுக் கழிவை விடத்தானே தோன்றும்? ஆறு தேறவில்லை. 2011 ஜனவரியில் அதே நீதிமன்றம் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. விலையை வைத்துக் கட்டுப்படுத்துவதா, அளவை வைத்தா என்று வைட்ஸ்மன் 1974-இல் எழுதிய கேள்வி நம் ஊரில் நான்கு வருட இடைவெளியில் இரண்டு விதமாகவும் சோதிக்கப்பட்டது. பட்டறைகள் மூடியதும் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள், சாய வேலை வெளியூர்களுக்குப் போனது. பிறகு மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுக்க, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தேறி, உப்பையும் தண்ணீரையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் முறை வந்தது. மாசு செய்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்று வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. திருப்பூரில் செலவில் ஒரு பங்கை, அந்தக் கடனுக்கு வாங்காமல் விட்ட வட்டி வழியே, வரி கட்டியவர்கள் ஏற்றார்கள். சரியா, தப்பா? நான் சரி என்றுதான் சொல்வேன், ஏனென்றால் மாற்று என்பது மூடிய பட்டறையோ செத்த ஆறோதான். ஆனால் நீங்கள் மறுத்து வாதாடினால் அதற்கும் முழு மதிப்பெண் போடுவேன்.

இதே கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தால் அரசின் தோல்வியும் தெரியும். விவசாயத்துக்கு இலவச மின்சாரம். தண்ணீரை இறைக்க இறைக்க ஒரு பைசா கூடுதல் செலவில்லை என்பதால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொங்கு நாட்டில் ஆயிரம் அடி போர்வெல் யாரையும் ஆச்சரியப்படுத்துவதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் ஆயிரம் அடிக்குப் போனால், போர் போட வசதியில்லாத சின்ன விவசாயியின் கிணறு வற்றுகிறது. அவருக்காகவே வந்ததாகச் சொல்லும் சலுகை அவர் கிணற்றையே காயவைக்கிறது. சாயக்கழிவுக்கு விலை போடாதது சந்தையின் தவறு என்றால், தண்ணீருக்கு விலை போடாதது யாருடைய தவறு? இதை எடுக்கவும் முடியாது. சலுகையால் பயன் பெறுகிறவருக்கு அது பெரிய தொகை, வரி கட்டும் கோடிக்கணக்கானவர்களுக்கு ஆளுக்குச் சில்லறை. போராட்டத்துக்கு யார் வருவார்கள் என்று யோசியுங்கள். இந்தக் கோணத்தில் அரசியல்வாதியையும் அதிகாரியையும் சாதாரண மனிதர்களாக வைத்துப் பார்த்ததற்குத்தான் புக்கானனுக்கு 1986-இல் நோபல் கொடுத்தார்கள்.

இனி ரேஷன் அட்டை. உங்கள் வீட்டு ஸ்மார்ட் அட்டையை எடுத்துப் பாருங்கள், வகையைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் இருக்கும். பி.எச்.எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம், என்.பி.எச்.எச் என்றால் முன்னுரிமை இல்லாதது, கடைசியில் ஒரு எஸ் சேர்ந்தால் அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்றவர், என்.சி சேர்ந்தால் எதுவுமே வேண்டாம், அட்டை மட்டும் இருக்கட்டும் என்றவர். ஒரு பெரிய விவாதமே அந்தச் சில எழுத்துகளில் இருக்கிறது. மத்திய அரசு 1997-இல் வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று நாடு முழுக்க அட்டைகளைப் பிரித்தது. தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் ஏற்றபோதும் முன்னுரிமை இல்லாத குடும்பத்துக்கும் அரிசி தொடர்ந்தது. இங்கே முன்னுரிமை என்ற சொல் பெரும்பாலும் மத்திய அரசிடம் கணக்குக் காட்டத்தான்.

பணக்காரருக்கும் அரிசியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் யார் ஏழை என்று தேர்ந்தெடுக்கும்போது இரண்டு வகைத் தவறு வரும்: சேர்க்க வேண்டியவரை விட்டுவிடுவது, விட வேண்டியவரைச் சேர்த்துவிடுவது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். மாதச் சம்பளச் சீட்டு இல்லாத கூலிக்காரரின் வருமானத்தை எந்த அதிகாரி எப்படி அளப்பார்? அளக்கும் அதிகாரம் ஒருவர் கையில் வந்தால் அதற்கும் ஒரு விலை முளைக்கும். எல்லோருக்கும் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. வேண்டாதவர் தானே விலகிக்கொள்ளட்டும். சர்க்கரை அட்டை அப்படி விலகியவர்களின் அட்டைதான். வரிசையில் நிற்பதும் அரிசியின் தரமும்கூட ஒரு சல்லடை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை: கொஞ்சம் சுமாரான அரிசி கொடுப்பது வசதியானவரைத் தானாகவே விலக்கிவிடுகிறது.

எங்கள் வீட்டில் என் அம்மா அரிசி அட்டையை மாற்றவே விடவில்லை. வரும் அரிசியில் பாதி இட்லிக்கு ஊறப்போடுவார், மீதி பாத்திரம் கழுவ வரும் அக்காவுக்குப் போகும். அரசு அந்த அரிசிக்குச் செலவழித்த தொகைக்கும் என் அம்மா மனதில் அதற்கு இருந்த மதிப்புக்கும் இடையே ஒரு வித்தியாசம் உண்டு. பொருளாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா என்ற விவாதமே அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான். பணமாகக் கொடுத்தால் வித்தியாசம் மறையும். ஆனால் பணம் வீட்டில் யார் கைக்குப் போகும், விலைவாசி ஏறினால் அதே பணத்துக்கு எத்தனை கிலோ வரும் என்ற கேள்விகள் முளைக்கும். பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. அங்கே அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டுப் பார்த்தார்கள், கடைகள் மூடிக்கிடந்தன, கடையைத் திற, அரிசி கொடு என்பதே அங்கே தேர்தல் கோரிக்கையானது, பிறகு திறந்தார்கள். ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடினால் இதைவிட நல்லது அமையாது.

வரிப் பகுதிக்கு வருவோம். 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சரோடு நடந்த கூட்டத்தில் ஒரு ஹோட்டல் உரிமையாளர், பன்னுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், பன்னையும் கிரீமையும் தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்று வாடிக்கையாளர் கேட்கிறார் என்றார். கூட்டம் சிரித்தது. பாடத்தில் வரியின் நடுநிலை என்று வருவது குலைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த வாடிக்கையாளர் சொன்னார். ஒரே மாதிரியான இரண்டு பொருளுக்கு இரண்டு விகிதம் வைத்தால், மனிதர்கள் வரிக்காகத் தங்கள் நடத்தையை மாற்றுவார்கள். அப்படி மாற்றியதால் யாருக்கும் லாபமில்லாமல் வீணாவதுதான் வரியின் மிகைச்சுமை. கட்டிய வரி அரசுக்காவது போய்ச் சேரும். மிகைச்சுமை யாருக்கும் போய்ச் சேராது.

சட்டம் யாரிடம் வரி கேட்கிறது என்பதும் யார் தலையில் அது விழுகிறது என்பதும் வேறு வேறு. மதுவைப் பாருங்கள். ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கள், சாராய வருமானம் போனதால் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரி கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி. வணிகர்கள் எதிர்த்தார்கள். பிறகு என்ன ஆயிற்று? மதுவிலக்கு தளர்ந்தது, திரும்ப வந்தது, மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் தொடங்கி, 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடையும் அரசுடையதே ஆயிற்று. மதுவுக்குப் பதிலாக வந்த விற்பனை வரி மட்டும், வாட், ஜி.எஸ்.டி. என்று பெயரும் உருவமும் மாறியும், போகவே இல்லை. ஒருமுறை வந்த வரி, வந்த காரணம் செத்த பிறகும் உயிரோடு இருக்கும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் இது. இதைக் கவனிக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. ஒரே பெயர்ப்பலகையில் விலக்கும் உண்டு, வசூலும் உண்டு.

வரியை ஏற்றினால் குடி குறையும் என்று சொல்லித்தான் விலை ஏற்றுகிறார்கள். உண்மையிலேயே பெரிதாகக் குறைந்தால் வருமானம் பெருகாது. வருமானம் பெருகிக்கொண்டே போனால் குடி பெரிதாகக் குறையவில்லை என்று அர்த்தம். ஒரு வரியை வைத்து இரண்டு நோக்கத்தை அடிக்க முடியாது. குடிக்குப் பழகியவர் விலை ஏறியதும் ஒரு குவார்ட்டரைக் குறைப்பதைவிட வீட்டுக்குக் கொடுக்கும் காசைக் குறைக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரசீதில் வரி கட்டியவர் அவர். கட்டியது அவர் மனைவியும் பிள்ளைகளும். விலை ஏறினாலும் வாங்குவது குறையாது என்று காட்ட, தேவையின் நெகிழ்ச்சிப் பாடத்தில் செங்குத்தாக ஒரு கோடு போடுகிறீர்களே, அந்தக் கோட்டுக்குள் ஒரு வீடு இருக்கிறது.

மஸ்கிரேவ் 1959-இல் அரசின் வேலையை ஒதுக்கீடு, பகிர்வு, நிலைப்படுத்தல் என்று மூன்றாகப் பிரித்தார். மேலே சொன்னதெல்லாம் முதல் இரண்டு. மூன்றாவது பேரினப் பொருளியல் தாளிலேயே வந்துவிடும், இங்கே மெனக்கெட வேண்டாம். கூட்டாட்சி நிதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு மத்திய வரியில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்றது; அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். ஆனால் செஸ், சர்சார்ஜ் என்று வரியின் மேல் கூடுதலாக வசூலிப்பது இந்தப் பங்கீட்டுக்குள் வராது. பெட்ரோல் மீதான மத்திய வரியில் எது அடிப்படை வரி, எது செஸ் என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள், செய்தித்தாள் சண்டைகள் பாதி விளங்கிவிடும்.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் வந்த தமிழக அரசின் வெள்ளை அறிக்கை ஒவ்வொரு குடும்பத்தின் மேலும் 2,63,976 ரூபாய் கடன் என்றது. மாநிலத்தின் கடன் சுமையைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்த எண் அது. மனதில் நிற்கும், ஆனால் பெரிதாக எதையும் சொல்லாது. அந்தக் கடனில் எவ்வளவு பாலமாகவும் பள்ளியாகவும் நிற்கிறது, எவ்வளவு சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் கரைந்தது என்பதுதான் கேள்வி. வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவு வருவாயைத் தாண்டும் தொகை, என்ற தலைப்பைத் தனியாகப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

அப்புறம், கணக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்பீர்கள். பகுதி வகைக்கெழுவும் ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு உச்சம் காண்பதும் தெரிந்தால் எம்.ஏ. அளவுக்குப் போதும். அதைவிட அவசியம், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. தமிழிலேயே வரும், இணையத்தில் இலவசம். அதை ஒரு கையிலும், அதே துறை பற்றிய தணிக்கை அறிக்கையை இன்னொரு கையிலும் வைத்துப் படியுங்கள். முதலாவது என்ன செய்தோம் என்று சொல்லும், இரண்டாவது என்ன செய்யவில்லை என்று சொல்லும்.

தொடங்குவதற்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுங்கள். வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகையும் சேர்ந்திருக்கும். 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிற காசு அது. ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்றே தனியாக ஒதுக்கி வசூலிப்பது. நூலகம் பொதுப் பண்டமா, நூலகத்துக்குப் போகாதவரும் அதை ஏன் கட்டுகிறார், வாடகை வீட்டில் இருந்தால் அதைக் கட்டுவது வீட்டுக்காரரா நீங்களா, வசூலாகும் காசு நூலகத்துக்குத்தான் போகிறதா என்று நான்கு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதும் முன் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒரு சாயங்காலம் போய், எத்தனை நாற்காலி, எத்தனை பேர், புதுப் புத்தகம் கடைசியாக எப்போது வந்தது என்று நூலகரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.